காவலும் கதவும்: கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுத் தலைவாசலின் சமூக வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வீட்டின் தலைவாசற்கதவைத் தேர்ந்தெடுப்போர் இன்று உறுதி, தோற்றம், விலை ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்கின்றனர். கள்வரிடமிருந்து வீட்டைக் காப்பது கதவே என்பது இத்தேர்வுக்கு அடிப்படையான நம்பிக்கை. மதுரை வட்டாரத்தின் மேற்கெல்லையாக அமைந்த கம்பம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை காலத்தால் பிந்தியது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. மண்சுவர் வீடுகளின் காலத்தில் வீட்டைக் காக்கும் பொறுப்பு பெரிதும் காவல் என்னும் ஊர் உடன்பாட்டின் மீது இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவ்வுடன்பாடு குலைந்தபோது, பாதுகாப்பின் சுமை ஊரிடமிருந்து தனித்தனி வீடுகளுக்கு மாறியது. இலக்கியச் சான்றுகள், கல்வெட்டு, குடியேற்ற ஆட்சிக்கால ஆவணம், வழிபாட்டு மரபு, கட்டுமானப் பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு இம்மாற்றம் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தலைவாசல், நிலை, கதவு, காவல், பாடிகாவல், துப்புக்கூலி, பண்டு, கைரேகைச் சட்டம், திண்டுக்கல் பூட்டு.

முன்னுரை

தமிழக வீட்டுக்கதவுகளைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் செட்டிநாட்டையே மையமாகக் கொள்கின்றன. பர்மாத் தேக்கில் இழைத்த இரட்டைக் கதவுகளும், கசலட்சுமி உருவம் செதுக்கிய நிலைகளும் கலைவரலாற்றின் பொருளாகிவிட்டன. வேளாண்குடிகளின் வீட்டுக்கதவு இத்தகைய கவனத்தைப் பெறவில்லை. செதுக்குவேலை இல்லாத கதவு ஆய்வுக்குரியதாகத் தோன்றாமற் போனது இதற்கு ஒரு காரணம் எனலாம்.

தேனி மாவட்டம் 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அதன் தென்மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே கம்பம் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை முல்லைப் பெரியாற்று நீரால் வளம்பெற்ற ஊர்கள். மலைக்கு அப்பால் கேரளமும் ஏலத்தோட்டங்களும் உள்ளன. வணிகரும் மாட்டுமந்தைகளும் கூலியாள்களும் ஓயாது கடந்து செல்லும் வழி இது. அத்தகைய நிலப்பகுதியில் வீட்டை எது காத்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

இலக்கியம் காட்டும் இருவகைக் கதவுகள்

பாண்டிய நாட்டைப் பாடுகளமாகக் கொண்ட பத்துப்பாட்டு நூல்கள் இரண்டு இவ்வினாவுக்கு முதற்சான்று தருகின்றன. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை அரண்மனை வாயிலை விரிவாகச் சொல்கிறது. இரும்பால் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இணைக்கதவுகள், கைதேர்ந்த தச்சன் இடைவெளி தோன்றாதபடி முடுக்கிய தாழ், வெண்சிறுகடுகும் நெய்யும் அப்பிய நெடிய நிலை ஆகியவை அங்கு இடம்பெறுகின்றன. நிலையின் மேல் அமைந்த உத்தரம் ஒரு நாள்மீனின் பெயரைத் தாங்கியது என்ற குறிப்பும் உண்டு. நிலைக்கு மருந்துப்பொருள் அப்பும் அப்பழக்கமும், இன்று வாசக்கால் நிறுத்தும்போது மஞ்சளும் குங்குமமும் பூசி மாவிலை கட்டும் சடங்கும் ஒப்புநோக்கத்தக்கவை. இரண்டிலும் வழிபாடு பெறுவது நிலையே. கதவை மாற்றலாம், நிலையை எளிதில் மாற்றுவதில்லை.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி இரவுக் கள்வரைச் சித்திரிக்கிறது. அவர்கள் கல்லையும் மரத்தையும் துணிக்கும் கூரிய வாளும், நிலத்தை அகழும் உளியும், நூலேணியும் உடையவர்கள். கதவைத் திறப்பதற்கென்று தனிக்கருவி எதுவும் அச்சித்திரத்தில் முதன்மை பெறவில்லை. கள்வன் அகழ்ந்தோ ஏறியோ உள்ளே புகுகிறான். அவனுக்கு எதிராக அந்நூல் நிறுத்துவது உறங்காத ஊர்காவலரை. மழை பொழியும் நள்ளிரவிலும் அவர்கள் தெருக்களைச் சுற்றி வருகின்றனர்.

கன்னம் வைத்தல், கன்னக்கோல் என்னும் பிற்கால வழக்குகளும் இதையே உறுதிசெய்கின்றன. வீடு புகுந்து திருடுவதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் சுவரைத் துளைப்பதைக் குறிக்கிறது. மண்சுவர் வீட்டில் எத்துணை உறுதியான கதவை மாட்டினாலும் கள்வனின் வழி அடைபடுவதில்லை. எனவே, கதவின் உறுதி சுவரின் உறுதியைச் சார்ந்தது என்பது இவ்வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கான கட்டுமான அடிப்படை.

எளிய வீட்டின் கதவுக்குப் பின்னால் எது நின்றது என்பதைச் சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் வரும் பொற்கைப் பாண்டியன் கதை உணர்த்துகிறது. கீரந்தை என்பவன் தன் மனைவியை வீட்டில் விட்டு வெளியூர் செல்லும்போது, அரசனின் காவலைவிடச் சிறந்த வேலி வேறில்லை என்று சொல்லிச் செல்கிறான். பின்னொருநாள் பாண்டியன் அவ்வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கணவன் சொன்ன அந்த வேலி இன்று காக்காதோ என்று உள்ளிருந்து எழுந்த குரல் அவன் நெஞ்சைச் சுடுகிறது. தட்டிய கையைத் தானே குறைத்துக்கொள்கிறான். இக்கதையில் கதவு வலிமையற்றது. அதன் வலிமை கதவுக்கு வெளியே, அரசன் அளித்த உறுதியில் இருக்கிறது. அவ்வுறுதி பழுதுபட்டதாக அஞ்சியபோது அரசனே ஒறுக்கப்படுகிறான். அரண்மனைக் கதவு இரும்பையும் மரத்தையும் நம்பியது. குடிமகனின் கதவு காவலை நம்பியது.

முகப்பு என்னும் உரிமை

வீட்டின் வெளித்தோற்றத்தை அமைத்துக்கொள்வது எல்லார்க்கும் வாய்த்த தேர்வாக இருந்ததில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் வெளியான, கோனேரின்மைகொண்டான் பெயரிலான ஆணை ஒன்று கொங்கு நாட்டு வெங்கால நாடு முதலிய பகுதிகளின் கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம்; பேரிகை கொட்டலாம்; வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம்; தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பவை அவ்வுரிமைகள். ஐந்தொழிற் கம்மாளருள் தச்சரும் அடங்குவர். ஊரார் வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்து தந்தவர்கள் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை பெறவேண்டியிருந்தது. கொங்கு நாட்டுச் சான்றை அப்படியே பாண்டிய நாட்டுக்குப் பொருத்துவது முறையாகாது. எனினும், வீட்டு முகப்பு பொருள்வசதியால் மட்டும் முடிவாவதன்று, சமூகத் தகுதியாலும் வரையறுக்கப்பட்டது என்பதற்கு இக்கல்வெட்டு போதிய சான்றாகும்.

அடைத்த கதவே தெய்வம்

மதுரை வட்டார வழிபாட்டில் கதவுக்குத் தனியிடம் உண்டு. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி உருவத் திருமேனியாக வழிபடப்படுவதில்லை. கோபுர வாயிலின் அடைத்த கதவுகளே கருப்பசாமியாகச் சந்தனம் சாத்தி வழிபடப்படுகின்றன. வழக்குகளில் உண்மையை நிறுவ அக்கதவின் முன் சத்தியம் செய்யும் வழக்கமும் இருந்தது. அக்கோயிலைச் சமூக நோக்கில் ஆராய்ந்த தொ. பரமசிவன் கருப்பசாமி வழிபாட்டுக்கும் நாட்டுப்புற மக்களுக்கும் உள்ள உறவை விரிவாகப் பேசியுள்ளார்.

தேனி மாவட்டத்துக்குள்ளேயே இதற்கு இணையான சான்று ஒன்று இருக்கிறது. பெரியகுளம் வட்டம் தேவதானப்பட்டியில், மஞ்சளாற்றங்கரையில் அமைந்த மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. பூசையும் தீபாராதனையும் அடைத்த கதவுக்கே நிகழ்கின்றன.

இவ்விரு வழிபாடுகளின் தோற்றக்கதைகளும் தெய்வங்களும் வேறுவேறு. ஆயினும் இரண்டிலும் கதவு ஒரு தடையாகக் கருதப்படவில்லை. காவல்புரியும் ஆளாகவே கருதப்படுகிறது. அழகர்கோயிற் கதவின்முன் பொய்ச்சத்தியம் செய்தவன் அஞ்சியது மரத்தின் கனத்துக்கு அன்று. கதவு என்பது கொடுத்த வாக்கின் வடிவம் என்ற கருத்து இவ்வட்டாரத்தில் வேரூன்றியிருந்ததை இவ்வழிபாடுகள் வழி உணரலாம். அடுத்து ஆராயப்படும் காவல் முறையும் அத்தகைய வாக்கின் மீதே எழுந்தது.

காவல் என்னும் உடன்பாடு

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் சொல் ஊரைக் காக்கும் உரிமையையும் அதற்கான வருவாயையும் குறிக்கிறது. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் அவ்வுரிமை விற்கப்பட்ட செய்திகளும் உள்ளன. நாயக்கர் காலத்திலும் பாளையக்காரர் காலத்திலும் காவல் ஆட்சியின் உறுப்பாகவே தொடர்ந்தது. கிழக்கிந்தியக் கும்பினி 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதியால் ஊர்த்தலைவர், தலையாரி ஆகியோரைக் கொண்ட கிராமப் போலீசு முறையை வகுத்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் புதிய போலீசை உருவாக்கியது. சட்டப்படி பழைய காவலுக்கு இடமில்லாமற் போயிற்று. நடைமுறையில் அது மறையவில்லை.

மதுரை மாவட்ட விவரச்சுவடியை 1906இல் எழுதிய டபிள்யூ. பிரான்சிசு, காவல் முறை தம் காலத்திலும் வழக்கில் இருந்ததைப் பதிவுசெய்கிறார். ஊரார் காவற்காரர்க்குக் கூலி தருவர். களவு நேர்ந்தால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு செய்வதோ காவற்காரரின் கடமை. களவுபோன மாட்டைக் கண்டுபிடித்துத் தருவதற்குப் பெறும் பணம் துப்புக்கூலி எனப்பட்டது. இப்பணியில் பெரும்பங்கு வகித்தவர்கள் பிறமலைக் கள்ளர். கிழக்கே உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து அவர்களுள் பலர் கம்பம் பள்ளத்தாக்கில் குடியேறி வேளாண்மையிலும் ஈடுபட்டனர்.

பிரான்சிசின் பார்வையில் காவல் அச்சுறுத்திப் பணம் பறிக்கும் ஏற்பாடு. கூலி தர மறுத்த வீடுகளில் களவு நிகழ்ந்தது என்பதையும், காப்பவரும் கவர்பவரும் சிலவிடத்து ஒருவரே என்பதையும் அவர் சுட்டுகிறார். பிற்கால ஆய்வுகள் இப்பார்வையை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியுள்ளன. லூயி துய்மோன் 1957இல் வெளியிட்ட நூல் பிறமலைக் கள்ளரின் உறவுமுறையையும் சமய வாழ்வையும் முழுமையாக விளக்கியது. 1978இல் சுடூவர்ட் பிளாக்பர்ன் எழுதிய கட்டுரை ‘குற்றப் பழங்குடி’ என்னும் வகைப்பாட்டையே கேள்விக்குள்ளாக்கியது. கம்பம் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்டு ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட நூல் வேளாண்மை, அறம், ஆட்சி ஆகியவற்றின் பின்னலில் இம்மக்களின் வரலாற்றை வைத்துப் பார்த்தது.

காவலை அறம் சார்ந்த பொற்காலமாகக் காட்டுவதும், கொள்ளையாக மட்டும் காட்டுவதும் ஒருசார்புடையவை. இக்கட்டுரையின் நோக்கில் முதன்மையானது அதன் பொருளியல் அமைப்பு. காவலில் பாதுகாப்புக்கான செலவு ஊர் முழுவதும் பகிரப்பட்டது. இழப்பு நேர்ந்தால் பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தார். பெயரும் ஊரும் அறிந்த அந்த ஆளிடம் முறையிடவும் பேரம் பேசவும் முடிந்தது. கதவிடம் யாரும் ஈடு கேட்க முடியாது.

1896: பண்டு இயக்கம்

இவ்வுடன்பாட்டின் மீது வெளிப்படையான தாக்குதல் 1896இல் திண்டுக்கல் பகுதியில் தொடங்கி அண்டை வட்டங்களுக்கும் பரவியது. ஊரார் பொதுப்பணம் திரட்டினர். அதனால் இவ்வியக்கம் பண்டு எனப் பெயர்பெற்றது. அப்பணத்திலிருந்து புதிய காவலாளர்க்குக் கூலியும் களவுகொடுத்தோர்க்கு ஈடும் தர வகைசெய்யப்பட்டது. கள்ளர் காவற்காரர்கள் விலக்கப்பட்டனர். பல ஊர்களிலிருந்து கள்ளர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கலவரமும் தீவைப்பும் நிகழ்ந்தன.

இவ்வியக்கத்தை ஆராய்ந்தோர் சாதிப்பூசல் என்னும் கோணத்திற்கே முதன்மை தந்துள்ளனர். பாதுகாப்பின் வரலாற்றில் வைத்துப் பார்க்கும்போது இதன் மற்றொரு பக்கம் தெரிகிறது. பண்டு இயக்கத்தார் காவலை ஒழித்துவிட்டுக் கதவையும் பூட்டையும் நாடவில்லை. காவற்காரரை மாற்றினார்களே அன்றிக் காவல் என்னும் அமைப்பை மாற்றவில்லை. பொதுப்பணம், கூலிக் காவலர், இழப்பீடு ஆகிய மூன்றும் பழைய முறையின் உறுப்புகளே. 1896இலும் களவுக்கு ஊர் கண்ட மருந்து கூட்டு ஏற்பாடாகவே இருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

கைரேகைச் சட்டமும் இரவின் வீடும்

கூட்டு ஏற்பாட்டுக்கு இறுதி அடி அரசிடமிருந்து வந்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்துவதாயிற்று. 1914 முதல் மதுரை மாவட்டக் கள்ளர் ஊர்கள் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன. வயதுவந்த ஆண்களின் கைரேகை பதிவுசெய்யப்பட்டதால் மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். பதிவுபெற்றோர் குறித்த நேரத்தில் அதிகாரியின் முன் தோன்ற வேண்டும். இரவிலும் இக்கட்டுப்பாடு நீண்டது. ஊரைவிட்டு வெளியே செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில் 16 பேர் மாண்டனர். மாயக்காள் என்னும் பெண்ணும் அவர்களுள் ஒருவர்.

வீட்டின் வரலாற்றில் இச்சட்டத்தின் பொருள் எளிதில் புலப்படாதது. இரவில் தன் வீட்டுக் கதவை உள்ளிருந்து தாழிட்டு உறங்குவது குடிமகனின் அடிப்படை நிலை. பதிவுபெற்ற ஆணுக்கு அது உரிமையாக இல்லை. அவன் சாவடியிலோ காவல் நிலையத்திலோ இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. வீட்டில் பெண்டிரும் பிள்ளைகளும் இருந்தனர். ஊராரின் வாசல்களை இரவெல்லாம் காத்த மரபினர்க்குத் தம் வாசலைக் காக்கும் வாய்ப்பை அரசு மறுத்தது. கீரந்தை கதையில் குடிமகனின் கதவைத் தட்டிய கை தண்டனை பெற்றது. 1914க்குப் பின் கதவுக்குள் இருந்தவன் தண்டனைக்குரியவனானான். நீண்ட போராட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்குள் காவல் உடன்பாடு பொருளிழந்துவிட்டது.

நீர், சுவர், மரம், பூட்டு

காவல் குலைந்த அதே காலத்தில் பள்ளத்தாக்கின் பொருளியலும் மாறியது. பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட பெரியாற்று அணை 1895இல் திறக்கப்பட்டது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இன்று 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் அந்நீரால் பாசனம் பெறுகிறது. விளைச்சல் பெருகிய இடத்தில் காரைவீடும் ஓட்டுவீடும் பெருகுவது இயல்பு. 1928இல் போடிநாயக்கனூர் வரை வந்த இருப்புப்பாதை மதுரைச் சந்தையுடன் இப்பகுதியை நெருக்கமாகப் பிணைத்தது.

சுட்ட செங்கல்லும் சுண்ணாம்பும் பின்னர்ச் சிமிட்டியும் மண்சுவரின் இடத்தைப் பிடித்தபோது கன்னக்கோலுக்கு வேலை குறைந்தது. சுவரைத் துளைப்பது கடினமானதும், வீட்டின் வலுக்குறைந்த இடமாகக் கதவு ஆயிற்று. தடித்த பலகை, இரும்புப் பட்டை, உட்பூட்டு ஆகியவை எளிய வீட்டுக்கும் தேவை என்ற எண்ணம் இக்கட்டுமான மாற்றத்தோடு பிறந்தது எனக் கருதலாம். குழியில் சுழலும் குடுமிக் கதவு கீல்கதவுக்கு இடம் தந்தது. குறுக்கே பாய்ச்சும் கணையமரமும் நாதாங்கியும் உள்ளே ஆள் இருக்கும் வீட்டுக்கே பயன்படுவன. வீட்டைப் பூட்டிவிட்டு அனைவரும் வெளியே செல்லும் வாழ்க்கைக்குப் பூட்டு இன்றியமையாதது. அண்டை நகரான திண்டுக்கல் கைவினைப் பூட்டுக்குப் பெயர்பெற்று, 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்றது. பண்டு இயக்கம் தோன்றிய பகுதியும் பூட்டுத்தொழில் செழித்த பகுதியும் ஒன்றே என்பது கருதத்தக்கது.

மரத்தைப் பொறுத்தவரை, இருபுறமும் காடு சூழ்ந்திருந்தும் பள்ளத்தாக்கு உழவர்க்கு நல்ல மரம் எளிதாகக் கிடைக்கும் பொருளாக இல்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்து மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. 1994ஆம் ஆண்டின் ஈட்டிமரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்து ஈட்டியை வெட்டுவதற்கும் அனுமதியைக் கட்டாயமாக்கியது. எனவே தேக்கும் வேங்கையும் விலைகொடுத்து வாங்கும் பொருள்களாயின. வசதி குறைந்தோர் தம் நிலத்து வேம்பையும் பூவரசையும் பலாவையும் பயன்படுத்தினர். அதனினும் எளியோர் வீட்டில் மூங்கிற்படலும் ஓலைத்தட்டியுமே வாசலை அடைத்தன. தேக்குக் கதவு, அதற்கு முன் இரும்புக் கம்பிக்கதவு, சுற்றுச்சுவரில் மற்றொரு கதவு என்ற இன்றைய அடுக்கு வாங்கும் ஆற்றலின் அடுக்காகவே அமைந்துள்ளது. அரசு தந்த வீடுகளில் இத்தேர்வும் இல்லை. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் போன்றவற்றில் 300 சதுர அடிக்குள் ஒரே அமைப்பில் வீடுகள் கட்டப்பட்டன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மண்சுவர் வீட்டில் கதவு பாதுகாப்பின் முதன்மைக் கருவியாக இருக்க இயலாது. மதுரைக்காஞ்சியின் உளியும் கன்னம் என்னும் சொல்லும் இதற்குச் சான்று. இரண்டாவது, கதவுக்கு வலிமை தந்தது அதன் பின்னால் நின்ற வாக்கு. பொற்கைப் பாண்டியன் கதையும், அழகர்கோயில், தேவதானப்பட்டி வழிபாடுகளும், காவல் உடன்பாடும் இக்கருத்தின் வெவ்வேறு வடிவங்கள். மூன்றாவது, 1896க்கும் 1947க்கும் இடையில் இவ்வாக்கு முறிந்தது. காவற்காரரை ஊர் விலக்கியது. அரசு அவரைக் குற்றவாளியாகப் பதிவுசெய்தது. அதன் விளைவாகப் பாதுகாப்பு, பொதுச்செலவாக இருந்த நிலை மாறி, அவரவர் வாங்கும் பொருளாயிற்று.

இம்மாற்றத்தால் பயன்பெற்றோரும் உண்டு. அச்சுறுத்தலுக்கு அடங்கிக் கூலி தரவேண்டிய நிலையிலிருந்து பல குடும்பங்கள் விடுபட்டன. ஆனால் ஊரிலுள்ள வீடுகளின் பாதுகாப்பு ஒன்றுக்கொன்று தொடர்பற்றதாகி, பொருள்வசதிக்கேற்ப ஏற்றத்தாழ்வு கொண்டதாயிற்று. கதவுகளைக் கலைப்பொருளாக மட்டும் ஆராயும் போக்கு இவ்வேற்றத்தாழ்வைக் காணத் தவறுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் செதுக்கற்ற வேப்பங்கதவுகளையும் தட்டிகளையும், அவற்றின் நிலை, குடுமி, தாழ் ஆகிய உறுப்புகளோடும் செய்த காலத்தோடும் முறைப்படி ஆவணப்படுத்தினால், எழுத்துச் சான்றில் இடம்பெறாத குடும்பங்கள் எதை அஞ்சின, யாரை நம்பின என்பதையும் வரலாற்றில் சேர்க்க இயலும்.